எச்சில் குப்பியும் சொந்தபந்தமும்

இதைப் படிக்கிற நண்பர்களில் பாதிப் பேருக்காவது மகனோ மகளோ வெளிநாட்டில் இருப்பார்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் சாமான்கள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. முதலில் டேப் ரெக்கார்டர், பிறகு சர்க்கரை பார்க்கும் கருவி, அதன் பிறகு நாடித்துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம். இப்போது அங்கே நாம் போயிருக்கும்போது பேரப்பிள்ளைகள் புதிதாக ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நீட்டுகிறார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குப்பி. அதில் எச்சிலைத் துப்பி, மூடி, தபாலில் போட வேண்டும். சில வாரங்களில் நம் டி.என்.ஏ.வைப் பார்த்து, நம் முன்னோர் யார், உறவினர் யார், நமக்கு என்ன நோய் வரலாம் என்றெல்லாம் கம்பெனி சொல்லும். இதை வாங்கலாமா, வேண்டாமா என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இந்தக் குப்பி நுழைந்து ஆறு வருடமாகிறது. தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அது வேலை செய்யும் விதம். துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. கோடு வரை எச்சில் நிரம்பியதும் மூடியை அழுத்தினால் அதிலுள்ள திரவம் கலந்து கெடாமல் காக்கும். எச்சிலில் நம் வாய்த்தோலின் செல்களும் வெள்ளணுக்களும் மிதக்கின்றன, டி.என்.ஏ. அவற்றில்தான் இருக்கிறது. அது சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட சாசனம். கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் முழுச் சாசனத்தையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் மாறுபடும் இடங்களாகப் பார்த்து ஆறேழு லட்சம் எழுத்துகளை மட்டும் பார்க்கிறார்கள். ஆடிட்டுக்கு வருகிறவர் எல்லா வவுச்சரையும் பிரிக்காமல், தேவையான கட்டை மட்டும் எடுத்துப் பார்ப்பாரே, அப்படித்தான்.

அதிலிருந்து மூன்று விதமான பதில்கள் வரும். பூர்வீகம் எது, இரத்த உறவினர் யார், உடம்பில் என்ன கோளாறு வர வாய்ப்பு. மூன்றுக்கும் நம்பகம் ஒரே அளவு அல்ல.

பூர்வீக ஆராய்ச்சியில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் குழுவினர், மதுரைப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் ஓர் இளைஞரின் மாதிரியில் எம்130 என்ற மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக இந்தியா வழியே ஆஸ்திரேலியா வரை நடந்துபோன ஆதி மனிதர்களின் தடம் அது என்று ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அறிஞர் தம் ஆவணப்படத்தில் காட்டினார். 2005-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் உலக அளவில் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டத்தில் பொதுமக்களும் நூறு டாலருக்குக் குச்சி வாங்கி, கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து அனுப்பலாம். சுமார் 10 லட்சம் பேர் பங்கு கொண்டார்கள். 2019-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இன்று இந்தியாவிலேயே எச்சில் சோதனைக் கம்பெனிகள் இருக்கின்றன. ஹைதராபாத்தின் மேப்மைஜீனோம் அவற்றில் ஒன்று.

ஆயிரக்கணக்கான வருடத்துக் கதைக்கு அது சரி. ஆனால் கம்பெனி நமக்கு அனுப்பும் 'தென்னிந்தியா இத்தனை சதவீதம்' என்ற கணக்கு வேறு. அவர்கள் கையில் இருக்கும் மாதிரிகளோடு நம்மை ஒப்பிட்டுப் போடும் மதிப்பீடு அது. மாதிரிகள் கூடினால் சதவீதமும் மாறும். என் தாய்மாமன் காஞ்சிபுரத்து முதலாளியிடம் பாவு வாங்கி வந்து இந்த ஊரில் தறி நெய்தவர். இப்போது காஞ்சிபுரத்தில் ஜரிகையை மெஷினில் வைத்தால் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. யார் நெய்தார்கள், யார் கல்யாணத்துக்கு நெய்தார்கள் என்று அது சொல்லாது. குப்பியின் சதவீதத்தையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது பதில்தான் நான் சொல்ல வந்தது. உறவினர் பட்டியல்.

இருவருடைய டி.என்.ஏ.வில் ஒரே மாதிரியான துண்டுகள் எத்தனை, எவ்வளவு நீளம் என்று கம்ப்யூட்டர் அளக்கிறது. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் பாதி பொருந்தும். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் சுமார் கால் பங்கு. அண்ணன் பிள்ளைக்கும் தங்கை பிள்ளைக்கும் சுமார் எட்டில் ஒரு பங்கு. அவர்களுடைய பிள்ளைகளுக்குள் சுமார் மூன்று சதவீதம். இதற்கு அடுத்த தலைமுறைகளில் ஒன்றும் பொருந்தாமல் போகலாம். ஆனால் அந்த மூன்று சதவீதக்காரர்கள் வரை, உண்மையான இரத்த உறவு என்றால், பட்டியலில் வராமல் இருப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இந்த உறவை ஆங்கிலத்தில் செகண்ட் கசின் என்பார்கள். நான் படித்த பிரெஞ்சில் 'குஸேன் இஸ்யு தெ ழெர்மேன்'. தமிழில் இப்படி எண் போட்டு உறவைச் சொல்லும் வழக்கமே இல்லை. மாமன், மச்சான், அத்தை, சித்தி என்று முறைதான் உண்டு.

நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அக்காள் மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது என்று பல தலைமுறை சொந்தத்திலேயே மணந்த குடும்பங்களில் பொருத்தம் கூடுதலாகக் காட்டும். தூரத்து உறவு நெருங்கிய உறவு போலத் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

என் அப்பாவுக்குப் புதுச்சேரி, அம்மா பிறந்தது இந்தத் திருப்புட்குழி. பிரெஞ்சில் படித்ததால் புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்ததும் என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பக்கம் போட்டார்கள். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்க ஆள் வேண்டுமே. ஓய்வு பெற்றபின் அம்மாவின் ஊருக்கு வந்துவிட்டேன். எனக்கு ஒரே ஓர் அக்கா. அத்தான் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்; புதுச்சேரியில் இவர்களைச் 'சொல்தா' என்போம். 1970களில் குடும்பத்தோடு பிரான்சில் தங்கிவிட்டார்கள். அத்தான் முதலில் போனார். அக்கா 2011-இல் மார்பகப் புற்றுநோயில் காலமானாள்.

2019 கோடை விடுமுறைக்கு அக்காவின் பேத்தி பாரிஸிலிருந்து டொரொன்டோவுக்குப் போய், என் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். அவளும் என் பேத்தியும் கிட்டத்தட்ட ஒரே வயது, முறைக்கு அக்கா தங்கைகள், போனில் பேசிப் பேசியே வளர்ந்தவர்கள். அக்கா பேத்திக்கு ஒரு பயம் இருந்தது. பாட்டியைக் கொண்டுபோன நோய் தன் அம்மாவுக்கும் தனக்கும் வருமோ என்று. இரண்டு பெண்களும் சேர்ந்து ஆளுக்கொரு குப்பி வாங்கித் துப்பி அனுப்பினார்கள்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. இருவருக்கும் பூர்வீகம் தென்னிந்தியா. இருவருக்கும் ஆயிரம் பேருக்கு மேல் தூரத்து உறவினர் பட்டியல். என் பேத்தியின் பட்டியலில் அக்கா பேத்தியின் பெயர் இல்லை. அவள் பட்டியலில் இவள் பெயர் இல்லை. தேடும் வசதியை இருவருமே திறந்துதான் வைத்திருந்தார்கள். கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். குப்பி மாறவில்லை, பொருந்தும் துண்டு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. உடனே என்னைக் கூப்பிட்டார்கள். "தாத்தா, இது எப்படி?"

எனக்குக் காரணம் தெரியும். அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. இந்த ஊர் விஜயராகவப் பெருமாள் கோயிலில் ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் அது முளைவிட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் அருள் கிடைத்தது என்று அர்த்தம். 1967-இல் அம்மா அக்காவை இங்கே அழைத்து வந்தாள். பயறு முளைத்தது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்து, அத்தானோடு படையில் இருந்த நண்பரின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். பதினோரு நாள் பெண் குழந்தையை அந்த நண்பர் அக்கா கையில் கொடுத்தார். சில வருடங்களில் அவரும் காலமானார். குழந்தை வேறு வயிற்றில் வந்ததை அம்மா ஒரு குறையாக நினைக்கவே இல்லை. முளைத்த பயறுக்குப் பலன் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் குழந்தைக்கு என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். கம்மல் என் முதல் சம்பளத்தில் வாங்கியது. அன்று முதல் நான் அவளுக்குத் தாய்மாமன். குழந்தையிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை என்று பெரியவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் இன்று நான் ஒருவன்தான் மிச்சம்.

பேத்திகளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். இது அவர்கள் குப்பியில் வந்த கேள்விதான். ஆனால் பதில் அவர்களுடையது அல்ல, என்னுடையதும் அல்ல. அக்கா மகளுடையது. அவளிடம் பேசாமல் அவள் பெண்ணிடம் பேச எனக்கு உரிமை இல்லை. ஐம்பது வயதுப் பெண்ணிடம் இதை எந்த வாயால் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். மறுநாள் போன் செய்து, சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"மாமா, எனக்குத் தெரியும்."

1993-இல் அவள் கல்யாணத்துக்காக நாந்த் நகரிலுள்ள பதிவு அலுவலகத்திலிருந்து பிறப்புப் பதிவின் முழு நகல் வாங்கியிருக்கிறாள். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகள் அங்கேதான் இருக்கின்றன. பிரெஞ்சுப் பதிவேட்டில் கல்யாணம், விவாகரத்து, தத்து என்று பின்னால் நடப்பதையெல்லாம் ஓரத்தில் குறிப்பெழுதுவார்கள். சுருக்க நகலில் எல்லாம் வராது. முழு நகலில் வரும். இப்படி ஓரக்குறிப்பு எழுதிய பதிவேடுகளை நான் எத்தனையோ புரட்டியிருக்கிறேன். என் அக்கா மகளும் ஓரத்தில் எழுதியிருந்த தீர்ப்பின் தேதியைப் படித்துவிட்டு, தாளை மடித்துக் கவரில் வைத்துவிட்டாள்.

"ஏன்மா, அக்காவிடம் கேட்கவே இல்லையா?"

"எதுக்கு மாமா? கேட்டிருந்தால், இனிமேல் இவளுக்கு நம்ம மேல பாசம் குறைஞ்சுடுமோன்னு அம்மா தினமும் பயந்துக்கிட்டே இருந்திருப்பாங்க."

இரண்டு பக்கமும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அக்காவின் பயத்தை நானும் பார்த்திருக்கிறேன். 2007-இல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து குடும்பத்தினரை அழைத்துக்கொள்ள விசா கேட்கும்போது, பதிவேட்டில் சந்தேகம் இருந்தால் தாய்–பிள்ளை உறவை டி.என்.ஏ. மூலம் நிரூபிக்கலாம் என்றது அது. உறவு என்பது இரத்தம் மட்டும்தானா என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அரசியல் சாசன மன்றம் வரம்புகள் விதித்தது. 2009-இல் அமைச்சர் அமலாக்க ஆணையில் கையெழுத்திட மறுத்ததால் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. அந்தச் சமயம் அக்கா போனில், "தம்பி, ஏற்கெனவே இங்க இருக்கிறவங்களையும் சோதிப்பாங்களா?" என்று கேட்டாள். அவர்கள் எல்லாரும் பிரெஞ்சுக் குடிமக்கள், அந்தச் சட்டத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கேட்டாள்.

பிரெஞ்சுச் சட்டம் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. மருத்துவம், ஆராய்ச்சி, நீதிமன்ற உத்தரவு என்ற காரணங்கள் இல்லாமல் தன் ஆசைக்காக இந்தச் சோதனை செய்துகொள்வதே அங்கே குற்றம். தண்டனைச் சட்டம் 226-28-1 பிரிவுப்படி 3,750 யூரோ அபராதம். பெண்கள் கனடாவில் செய்ததால் அந்தத் தொல்லை இல்லை. ஏன் இத்தனை கண்டிப்பு என்று இளவயதில் எனக்குப் புரிந்திருக்காது. எழுத்தர் வேலையில்தான் அவர்கள் சிவில் சட்டத்தின் 311-1 பிரிவு அறிமுகமாயிற்று. ஒருவர் இன்னாரின் பிள்ளை என்பதற்குப் பதிவேடு இல்லாவிட்டாலும் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம் என்பது பழைய கொள்கை. அந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறாரா, பிள்ளையாக நடத்தப்பட்டாரா, ஊர் அப்படி அறிந்திருக்கிறதா. நான் இதைப் பேர், பேணல், ஊர்ப்பேச்சு என்று தமிழில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1956-ஆம் வருடத்து இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் முக்கியமானது கொடுப்பதும் வாங்குவதும்தான். ஹோமம் கூடக் கட்டாயம் இல்லை. திருமண உறவு நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை அந்தத் தம்பதியின் குழந்தையே என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்தில் அது 116-ஆம் பிரிவு. இரத்தச் சோதனைக்குச் சும்மா உத்தரவிடக் கூடாது என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் கூறியது. கணவன் மனைவி சண்டையில் குழந்தையின் டி.என்.ஏ.வை இழுக்காதீர்கள் என்று 2023-இலும் கூறியிருக்கிறது.

அப்படியானால் டி.என்.ஏ. சோதனையே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்தார். மறு வருடம் அது முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு குடியேற்ற வழக்கில். கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன் அவன் தாயின் மகன்தான் என்று நிரூபித்துக் குடும்பத்தைச் சேர்த்து வைத்தார்கள். 1970, 80களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். பலருடைய தாள்களில் இருந்த தாயின் பெயரே பொய் என்று பின்னால் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு, விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பின், வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது. தாளே பொய் என்றால் அந்தப் பிள்ளைகள் வேறு எதை நம்பித் தேடுவார்கள்? ஆனால் குப்பியிலும் ஒரு சிக்கல். தேடப்படும் தாயோ அவள் உறவினரோ தாங்களும் துப்பி அனுப்பியிருந்தால்தான் பட்டியலில் வருவார்கள். கிராமத்தில் இருக்கும் தாய்க்கு அமெரிக்கக் கம்பெனியின் குப்பி எங்கே கிடைக்கும்? எங்கள் அக்கா பேத்தியின் பட்டியலில் இன்றுவரை தூரத்து உறவினர்தான் இருக்கிறார்கள்.

நோய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் உண்மையாகவே இடித்தது இதுதான். பாட்டிக்கு வந்த நோயின் மாறுதல் எதுவும் இல்லை என்று குப்பி சொன்னதும் பேத்திக்கு ஒரே நிம்மதி. பாரிஸில் அவள் டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வீட்டுக் குப்பிக்கு அனுமதித்த முதல் மார்பகப் புற்றுநோய்ச் சோதனை மூன்றே மூன்று மாறுதல்களைத்தான் பார்த்தது. அவையும் ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. இந்த நோயோடு தொடர்புடைய மாறுதல்கள் ஆயிரத்துக்கும் மேல். மூன்று இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று ஆகாது. நோய் பயம் இருந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்து, மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் செய்ய வேண்டும்.

அதே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்பது. அக்கா மகள் இருபது வருடத்துக்கு மேலாக உண்மை தெரிந்தே இருந்தாள். "அம்மா போனதிலிருந்து வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகும்போது 'அம்மாவுக்கு இருந்தது'ன்னுதான் எழுதுவேன் மாமா. வேற என்ன எழுதறது, எங்க அம்மாவாச்சே" என்றாள். அவள் பெண்ணோ அந்த ஒரு வரியை நினைத்துப் பல இரவு தூங்காமல் இருந்திருக்கிறாள். தன்னைப் பெற்ற தாய்க்கு என்ன நோய் இருந்தது என்பது அக்கா மகளுக்குத் தெரியாது. பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு என்று எனக்குத் தெரிந்ததை அன்று சொன்னேன். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று உடனே குறித்துக்கொண்டாள். அவள் பெண் அடுத்த வருடமே பிரசவத்துக்குப் போகிறவளாக இருந்தால் அந்த ஒரு தகவல் எத்தனை முக்கியம்!

அந்த வார இறுதியில் அக்கா மகளே தன் பெண்ணை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பேத்தி எனக்குப் போன் செய்தாள். கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் கோபப்பட்டாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் கம்பெனிக்காரன் சொல்லணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. பிறகு, "இப்ப நான் உங்களை என்னன்னு கூப்பிடறது?" என்றாள். "நேத்து வரைக்கும் என்னன்னு கூப்பிட்டியோ அதையே" என்றேன்.

கடைசியாக, துப்பிய எச்சில் என்ன ஆகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நம் டி.என்.ஏ. நம் ஒருவருடையது அல்ல; பாதி பிள்ளைகளிடமும் கால் பங்கு பேரன் பேத்திகளிடமும் இருக்கிறது. 2018-இல் கலிபோர்னியாவில் பல வருடமாகப் பிடிபடாத ஒரு கொலையாளியைப் பிடித்தது, அவன் தூரத்து உறவினர்கள் விளையாட்டாகப் பதிவு செய்திருந்த விவரங்களை வைத்துத்தான். அது நல்ல காரியத்துக்கு. ஆனால் 2023-இல் 23அண்ட்மி என்ற பெரிய கம்பெனியில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அதே கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதன் நிறுவனர் நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று 30.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்களின் எச்சில் கணக்கு கை மாறியது. உங்கள் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று அமெரிக்க மாநில அரசு வழக்கறிஞர்கள் சிலர் மக்களை எச்சரித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து என் பேத்தி தன் கணக்கை அழித்துவிட்டாள். அக்கா பேத்தி அழிக்கவில்லை. என்றாவது ஒருநாள் தன் அம்மாவைப் பெற்றவள் வழியில் யாராவது வரலாம் என்று காத்திருக்கிறாள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இதை எழுதலாமா என்று அக்கா மகளிடம் கேட்டேன். பேர் போடாமல் எழுதுங்கள் மாமா என்றாள். வளர்த்த பெண் என்று மட்டும் எழுதக் கூடாது என்றாள். எனக்கும் அப்படி எழுத வராது.

எங்கள் ஊரின் பேரே இதைத்தான் சொல்கிறது. புள் என்றால் பறவை. சீதையைக் காக்கப் போராடி இறக்கை அறுபட்டு விழுந்த ஜடாயுவுக்கு, இராமன் ஒரு மகன் தந்தைக்குச் செய்வதுபோல ஈமக்கடன் செய்த இடம் என்று இதைக் கொண்டாடுகிறோம். ஜடாயு தசரதனுக்கு நண்பர். இராமனுக்கு எந்த இரத்த சம்பந்தமும் இல்லை. குளத்தின் பெயரும் ஜடாயு தீர்த்தம்தான்.

ஆகவே வாங்கலாமா என்று கேட்ட நண்பர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். பூர்வீகம் தெரிந்துகொள்ளும் ஆசைக்கு மட்டும் என்றால் வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை. நோய் பயத்துக்கு என்றால் டாக்டரிடம் போங்கள். பேரப்பிள்ளைகள் துப்புவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். தத்து, இரண்டாம் தாரம், சொல்லாமல் விட்ட வேறு கதை ஏதாவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அது யாருடைய கதையோ அவரிடம் முதலில் பேசுங்கள். உங்கள் வாயால், உங்கள் குரலில் பேசுங்கள். இனிமேல் இந்த உண்மைகள் நெடுநாள் மூடிக் கிடக்காது. குப்பி சொல்லும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். நாம் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லலாம். நமக்கு எழுபது தாண்டிவிட்டது. பதில் தெரிந்தவர்கள் இப்போது நாம்தான்.